இடிக்காமல் ஜெயிப்போம்!



ஆண்டு மலர் என்றால் அம்மா பற்றி ஒரு கவிதை, ஹாஸ்டல் சாம்பார் பற்றி ஒரு ஜோக், அப்துல் கலாம் படம் போட்டு ஒரு கட்டுரை என்பதுதான் வழக்கம். நான் எழுதப் போவதோ கார் ரேஸ் பற்றி. அதுவும் கம்ப்யூட்டரில் ஓடுகிற கார் ரேஸ்! "இதையெல்லாமா மலர்ல போடுவாங்க?" என்று மலர்க்குழு அண்ணன் கேட்டார். "போடுங்கண்ணா, காரணம் இருக்கு" என்றேன். படித்துவிட்டுத் திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், அவரை விட்டுவிடுங்கள்.

போன தீபாவளி விடுமுறையில் நாங்கள் பன்னிரண்டு பேர் ஆன்லைனில் ஒரு ரேஸ் வைத்தோம். ஆட்டம் 'அசெட்டோ கோர்சா'. இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014-ல் வெளியிட்டது. வயசான ஆட்டம் என்பதால் நம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், அதுதான் வசதி. தலைக்கு 150 ரூபாய், மொத்தம் 1800. ஜெயிக்கிறவனுக்கு முழுப்பணம். விதிமுறை? அப்படி ஒன்று வேண்டும் என்று யாருக்கும் தோணவே இல்லை.

மோன்சா என்ற இத்தாலி டிராக். நீண்ட நேர்கோடு, அது முடிந்ததும் திடுமென ஒரு குறுகலான இரட்டை வளைவு. பன்னிரண்டு காரும் முதல் சுற்றிலேயே அந்த வளைவில் போய் குவியலாய் விழுந்தன. சந்தைக்குப் போகிற தக்காளிக் கூடை கவிழ்ந்த மாதிரி! சிரித்தோம். ரொம்பச் சிரித்தோம். ஆனால் அந்தக் குவியலில் மாட்டாமல் ஒருவன் மட்டும் நிதானமாக வெளியே வந்து போய்க்கொண்டே இருந்தான். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டு, கீபோர்டில் ஓட்டிக்கொண்டிருந்த என் வகுப்புத் தோழன்.

பத்தாவது சுற்று, அதாவது கடைசிச் சுற்று. அவன் முன்னால், நான் பின்னால். கடைசி வளைவில் நான் பிரேக்கே பிடிக்கவில்லை. நேராகப் போய் அவன் காரின் பின்பக்கத்தில் இடித்தேன். அவன் சரளையில் போய் நின்றான். அவன் மேல் மோதியதிலேயே என் வேகம் குறைந்து, நான் அழகாகத் திரும்பிப் போய் ஜெயித்துவிட்டேன்.

"மச்சான், நெட்டு இழுத்துடுச்சுடா" என்றேன். அது பொய். இந்த மலரில் முதல்முறையாக எழுத்தில் சொல்கிறேன், அது பொய்.

1800 ரூபாய் செலவாகிவிட்டது. அவன் என்னோடு பேசுவதை நிறுத்தியதுதான் இன்னும் அப்படியே இருக்கிறது. லேபில் ஒரே டேபிளில் நிற்கிறோம். "வெர்னியர் எடு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

என் கட்சி இதுதான்: அடுத்த கல்லூரி விழாவில் மாணவர் பேரவையே ஒரு ஆன்லைன் கார் ரேஸ் நடத்தவேண்டும். அது சுத்தமான ரேஸாக இருக்கவேண்டும். "சும்மா கேம்தானே, இதுக்குப் போய் சட்டதிட்டமா?" என்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

சும்மா கேம் என்று உலகத்தில் நினைத்தவர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். 2020-ல் கொரோனா வந்து நிஜ ரேஸ்கள் நின்றபோது, நிஜ ஓட்டுநர்களே வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் ஓட்டினார்கள். ஃபார்முலா இ போட்டியில் ஆடி நிறுவனத்துக்காக ஓட்டிய டேனியல் ஆப்ட் என்ற ஜெர்மன்காரர், அந்த மே மாதம் ஒரு ஆன்லைன் ரேஸில் தனக்குப் பதிலாக ஒரு கில்லாடி கேம் பிளேயரை உட்காரவைத்து ஓட்டவிட்டார். மூன்றாமிடம்! பிறகு குட்டு வெளிப்பட்டது. பத்தாயிரம் யூரோவைத் தர்ம காரியத்துக்குக் கட்டச் சொன்னார்கள். ஆடி அணியில் அவர் இடமும் போயிற்று. நம் பாஷையில் இதற்குப் பெயர் ஆள்மாறாட்டம். போர்டு எக்ஸாமில் செய்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

அதே மாதம், இண்டிகார்க்காரர்கள் நடத்திய ஆன்லைன் ரேஸில், 2019-ல் இண்டியானாபோலிஸ் 500 ஜெயித்த சைமன் பஜெனோ, விருந்தாளியாக வந்த லாண்டோ நோரிஸின் முன்னால் போய் வேகத்தைக் குறைத்தார். ஜெயிக்கும் நிலையில் இருந்த நோரிஸ் மோதி வெளியேறினார். உலகமே நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய மனிதர்களுக்கே கை அரிக்கிறது என்றால், நமக்கு விதி இல்லாமல் எப்படி?

இதற்கு வழி கண்டவர்களும் இருக்கிறார்கள். 2008-ல் தொடங்கிய 'ஐரேசிங்' என்ற அமெரிக்க ஆட்டத்தில், டிராக்கை விட்டு வெளியே போனால் 1 புள்ளி, வண்டி கட்டுப்பாடு இழந்து சுற்றினால் 2, இன்னொரு வண்டியோடு பலமாக மோதினால் 4 என்று கணக்கு ஏறிக்கொண்டே வரும். புள்ளி ஏறினால் உங்கள் பாதுகாப்பு மதிப்பீடு இறங்கும். மேல் வகுப்புப் போட்டிக்குப் போக முடியாது. இதில் ஒரு வேடிக்கை: யார் தப்பு என்று அது பார்ப்பதே இல்லை. இடித்தவனுக்கும் 4, இடிபட்டவனுக்கும் 4! முதலில் இது அநியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. யோசித்தால் கம்ப்யூட்டருக்கு நியாயம் பேசத் தெரியாது. இரண்டு பேரும் விலகி ஓட்டுங்கள் என்கிறது, அவ்வளவுதான். 2017-ல் வந்த 'கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்' ஆட்டத்திலும் வேகத்துக்கு ஒரு மதிப்பெண், நடத்தைக்கு ஒரு மதிப்பெண் இருந்தது. டி.சி.யில் 'நன்னடத்தை' என்று எழுதுவார்களே, அந்த மாதிரி.

ஆனால் பத்து நாள் நடக்கும் நம் போட்டிக்கு இந்தப் புள்ளிக் கணக்கு மட்டும் போதாது. நம் ஆட்களே உட்கார்ந்து பார்க்கவேண்டும். ரேஸில் கலந்துகொள்ளாத சீனியர் இருவர், லெக்சரர் ஒருவர். ரேஸ் முடிந்ததும் ரீப்ளே ஓட்டிப் பார்த்து மறுநாள்தான் முடிவு அறிவிக்கவேண்டும். புகார் உள்ளவன் எந்தச் சுற்று, எந்த வளைவு என்று எழுதிக் கொடுக்கட்டும். ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் கத்தக்கூடாது. அன்று ரீப்ளே பார்க்க யாராவது இருந்திருந்தால், என் பிரேக் பெடல் அசையவே இல்லை என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

என்ன விதி? ஒன்று சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும். வளைவில் திரும்பும் நேரத்தில் பக்கத்தில் ஒரு வண்டி இருந்தால், அதற்கு ஒரு வண்டி அகலம் இடம் விடவேண்டும். பின்னால் வருபவன் பக்கத்துக்கு வந்து சேரவில்லை என்றால் வளைவு முன்னால் போகிறவனுடையது, இடித்தால் பின்னவன் பொறுப்பு. தெரியாமல் இடித்து முந்திவிட்டால்? ஓரங்கட்டி, இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொடரவேண்டும். கொடுத்தவனுக்குத் தண்டனை இல்லை. கொடுக்காதவனுக்கு நேரத்தில் பத்து விநாடி கூட்டல். வேண்டுமென்றே என்று தெரிந்தால் அந்த வருடம் முழுக்க வெளியே. என்னை முதலில் வெளியே போட்டாலும் சரி.

அடுத்தது இந்த 'நெட்டு இழுத்துடுச்சு' விவகாரம். நான் பொய்யாகச் சொன்னேன், ஆனால் அது நிஜமாகவே நடக்கிற விஷயம். டிப்ளமோ படிக்கிறோம், கணக்குப் போடுவோமே! மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 50 மீட்டர். செய்தி வந்து சேர 100 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் அதற்குள் கார் 5 மீட்டர் போய்விடும். கிட்டத்தட்ட ஒரு முழு காரின் நீளம்! 200 மில்லிசெகண்ட் என்றால் 10 மீட்டர். முன்னால் போகிற வண்டி இந்நேரம் எங்கே இருக்கும் என்று ஆட்டம் ஊகித்துத்தான் படம் காட்டுகிறது. நேர்கோட்டில் ஊகம் பலிக்கும். பிரேக் பிடிக்கும் இடத்தில்தான் தப்பும். ஆகவே தாமதம் 150-க்கு மேல் போனால் அவன் கூட்டத்தில் ஓட்டக்கூடாது என்று வைக்கவேண்டும்.

இங்கேதான் எனக்கு நெருடுகிறது. தருமபுரி டவுனில் ஃபைபர் வைத்திருப்பவனுக்குத் தாமதம் பிரச்னையே இல்லை. ஏரியூர்ப் பக்கத்திலோ சித்தேரி மலையிலோ இருப்பவன் மொட்டை மாடி ஏறி சிக்னல் தேடுகிறான். அவனை விதி போட்டு வெளியே தள்ளினால் அது சுத்தமான போட்டியா? எனக்குத் தோன்றும் வழி, நம்ம ஊர் எருது விடும் விழாதான்! 2004 வரை நம் மாவட்டமாகவே இருந்த கிருஷ்ணகிரிப் பக்கம் போய்ப் பாருங்கள். குறித்த தூரத்தை ஒவ்வொரு மாடாக ஓடுகிறது, குறைந்த விநாடியில் கடந்த மாட்டுக்குப் பரிசு. மாட்டோடு மாடு மோதுவதே இல்லை. அதுபோல முதல் ஒரு வாரம் அவரவர் வீட்டில் தனியாக ஓட்டி, நேரத்தை மட்டும் பதிவு செய்யட்டும். தனியாக ஓட்டும்போது நெட் தாமதம் வேகத்தைக் கெடுக்காது. அதில் முதல் பத்து பேருக்குள் வருகிற சிக்னல் இல்லாத தோழன், இறுதிப் போட்டியை நம் கேட் லேபில் உட்கார்ந்து ஓட்டட்டும். எச்.ஓ.டி. சார் மனசு வைக்கவேண்டும். கடைசி பஸ் போய்விட்டால் ஹாஸ்டலில் ஒரு பாய் போதும்.

எல்லோருக்கும் ஒரே கார், ஒரே செட்டிங். 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து ஸ்டியரிங், பெடல் செட் வாங்கியவனும் இருக்கிறான், கீபோர்டில் தட்டுகிறவனும் இருக்கிறான். அந்த வித்தியாசத்தை முழுசாக அழிக்க முடியாது. காரையாவது ஒன்றாக்கலாம். கோயம்புத்தூர் கரிவரதன் செய்ததும் அதுதானே! மாருதி 800 எஞ்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' வண்டிகளை உருவாக்கினார். ஒரே மாதிரி வண்டி, ஓட்டுகிறவன் திறமைதான் பேசும். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரராகக் களமிறங்கிய நரேன் கார்த்திகேயனின் முதல் ரேஸும் அந்த ஃபார்முலா மாருதியில்தான், ஸ்ரீபெரும்புதூரில்.

பணம் வேண்டவே வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது, இ-ஸ்போர்ட்ஸை அதிலிருந்து தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. எங்கள் 1800 ரூபாய் எந்தப் பக்கம் விழும் என்று வக்கீல்தான் சொல்லவேண்டும். சட்டத்தை விடுங்கள், அந்த 1800 இல்லையென்றால் நான் பிரேக் பிடித்திருப்பேன் என்று நம்புகிறேன். பேரவை நிதியிலிருந்து நல்ல ஸ்பேனர் செட் ஒன்று பரிசு கொடுங்கள், போதும். ஆட்டோமொபைல்காரன் ஜெயித்தால் சந்தோஷப்படுவான், சிவில்காரன் ஜெயித்தால் எங்களிடம் விற்றுவிடுவான்!

இன்னொன்று, வாய். எங்கள் ரேஸில் மைக் ஆன் செய்து பேசியதை இங்கே எழுத முடியாது. ஈ.சி.ஈ. பிரிவில் மூன்று தோழிகள் நன்றாக ஓட்டுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. "ஏன் வரலீங்க?" என்று கேட்டதற்கு, "நீங்க பேசறதைக் கேட்டுட்டா?" என்று திருப்பிக் கேட்டார்கள். ரேஸ் ஓடும்போது மைக் அணைந்தே இருக்கட்டும்.

"இடிக்கிறதுதான்டா ஜாலி, அதையும் எடுத்துட்டா என்ன இருக்கு?" என்கிறான் என் ரூம்மேட். ஜாலிதான், நான் மறுக்கவில்லை. அதற்கென்றே கடைசி நாள் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வோம், யார் யாரை வேண்டுமானாலும் நொறுக்கட்டும். ரேஸில் அதைக் கலக்காதே என்கிறேன்.

என் அப்பா லாரி ஓட்டுகிறார். ஒருநாள் பின்னால் நின்று நான் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏன்டா, பிரேக்கே போட மாட்டேங்கிற?" என்று கேட்டார். "கேம்ப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னால் நின்ற வண்டிகள் மேல் ஏறிய லாரிகளை அவர் எத்தனையோ பார்த்தவர். சின்ன கியரில் போட்டு, எஞ்ஜின் பிடிப்பிலேயே இறக்குகிறவர். நான் அவரை ஆட்டத்தில் உட்காரவைத்தேன். பத்து சுற்றும் கடைசியாகவே வந்தார், ஒரு வண்டி மேலும் உரசவில்லை. "நல்லாதான்டா இருக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

போட்டிக்கான பாரம் ஒன்றை நானே அடித்து வைத்திருக்கிறேன். பெயர், பிரிவு, ஊர், நெட் வசதி உண்டா இல்லையா, விதிகளை ஏற்கிறேன் என்று ஒரு கையெழுத்து. இதுவரை இருபத்திமூன்று பேர் கொடுத்திருக்கிறார்கள். பேரவைச் செயலாளர் அண்ணன் "பார்க்கலாம்" என்றிருக்கிறார். போன திங்கட்கிழமை லேபில், என் டேபிள் தோழனிடமும் ஒன்றை நீட்டினேன், கூடவே அவனுடைய 150 ரூபாயையும். பணத்தை வாங்கவில்லை. பாரத்தை மட்டும் மடித்து ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துக்கொண்டான்.