கல்லச்சில் பேசும் உருவங்கள்

சித்திரம் கண்ணுக்கு இனிமை பயத்தலே போதும் என்பார் உளர். ஜெர்மனி தேசத்துக் கேத்தே கோல்விட்ஸ் அம்மையாரின் (1867–1945) கல்லச்சுச் சித்திரங்களைக் கண்டோர் அதற்கு உடன்படார்.

கல்லச்சாவது, சுண்ணாம்புக்கல்லின்மேல் எண்ணெய்ப்பசையுள்ள கோலால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து மையிடுதல். ஈரம் மையை விலக்கும். வரைந்த கோடு அதனைப் பற்றும். ஆதலின் கையின் அழுத்தமும் நடுக்கமும் அவ்வாறே தாளிற் பதிகின்றன.

1924-இல் அம்மையார் வரைந்த "ரொட்டி" என்னும் படத்தில், பசித்த குழந்தைகள் இருவர் தாயைப் பற்றி நிற்கின்றனர். அவள் முகம் நமக்குத் தோன்றுவதில்லை; வளைந்த முதுகே அவள் துயரை உரைக்கின்றது. முகம் காட்டி அழுதிருப்பின் இத்துணை உரைத்திராது.

அம்மையாரின் இளைய மகன் பீட்டர் 1914-இல் போர்க்களத்தில் மாண்டான். 1933-இல் நாஜி ஆட்சி அவரைப் பிரஷ்யக் கலைக்கழகத்தினின்றும் விலகச் செய்தது. எனினும் அவர் கை ஓயவில்லை. பின்னர் முடித்த "விதைத் தானியத்தை அரைத்தலாகாது" என்னும் கல்லச்சில், முதிய தாயொருத்தி சிறுவர் மூவரைத் தன் கரங்களால் மூடிக் காக்கின்றாள்.

இவ்வுருவங்கள் விகாரமானவை என விலகுதல் முறையன்று. துயரை அலங்கரித்துக் காட்டுதல் துயருற்றோரை அவமதித்தலாம்; உள்ளவாறு காட்டுதலே அவர்க்குக் கலைஞர் செய்யும் மரியாதை என்பது எம் கருத்து.