பாலைவனத்தில் ஒரு காலை நடை



கலஹாவில் எமது மத்ரஸாவுக்குப் பேரப்பிள்ளையைக் கூட்டி வரும் தாய் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு விடயம் கேட்டார். குடும்பக் கஷ்டத்தால் இளவயதில் ஜோர்தானுக்குப் பணிப்பெண்ணாகப் போனவர் அவர். அம்மான் நகரில் ஒரே வீட்டில் ஏழு வருடம்.

"மௌலவி, ஏழு வருஷம் அந்த நாட்டில் இருந்தும் குசினி ஜன்னலால் தெரிந்த எதிர்வீட்டுச் சுவரைத்தான் பார்த்தேன். இப்போது மூத்த மகன் அகபாவில் வேலை செய்கிறான். வாப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்க உம்மா, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம், வாதி ரம்மில் கல் வளைவுகளைக் காட்டுகிறேன் என்கிறான். எனக்கோ முழங்கால் வலி. என்னால் நடக்க முடியுமா?"

முடியும் என்றேன். எப்படி என்பதை உங்கள் எல்லோருக்குமாகவே இங்கே எழுதுகிறேன். ஏனெனில் அந்த இடத்தில் நான் ஒரு பிழை செய்தவன்.

சில வருடங்களுக்கு முன் உம்றாப் பயணிகள் சிலரோடு ஜோர்தான் வழியாகப் போனோம். குழுவுக்கு நான்தான் அமீர். அது மே மாதம். காலை உணவை ஆறுதலாக முடித்து, வாதி ரம்மில் நடக்கத் தொடங்கும்போது பதினொரு மணி. "பக்கத்தில்தானே" என்று தண்ணீர்ப் போத்தல்களை ஜீப்பிலேயே விட்டுவிட்டோம். ஜீப் மலையின் மறுபக்கம் போய்க் காத்திருப்பதாக ஏற்பாடு. பாதி வழியில் வயதான சகோதரி ஒருவர் தலை சுற்றி மணலில் அமர்ந்துவிட்டார். கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை இல்லை. எங்களைக் காணாமல் சாரதி தானாகவே தேடி வரும் வரை அரை மணித்தியாலம் அந்தச் சகோதரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அல்லாஹ் காப்பாற்றினான். பின்னர் அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. இலேசான நடை என்று நாம் பெயர் வைத்துவிடுவதால் ஒரு நடை இலேசாகிவிடாது. புறப்படும் முன் செய்யும் ஏற்பாடுதான் அதை இலேசாக்கும்.

வாதி ரம் ஜோர்தானின் தெற்கே இருக்கிறது. அகபாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோ மீற்றர், வாகனத்தில் ஒரு மணித்தியாலம். 2011இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக அறிவித்தது. கருங்கல் அடித்தளத்தின் மேல் மணற்கல் மலைகள் எழுந்து நிற்கின்றன. மணற்கல் என்பது மணல் இறுகிய பாறை. எப்போதோ பெய்யும் மழை வெடிப்புகளில் இறங்கி, மணலைப் பிணைத்திருக்கும் பசையைக் கரைக்கும். உதிர்ந்த மணலைக் காற்று அள்ளிச் செல்லும். இப்படிப் பல்லாயிரம் வருடங்களில் பாறையின் நடுப்பகுதி திறந்து, மேற்பகுதி வளைவாக நின்றுவிடுகிறது. காற்றின் வேலை என்றே பலரும் நினைக்கிறோம். நீரின் பங்கும் பெரியது.

அங்கே பெயர் பெற்ற வளைவுகள் மூன்று. 'சிறிய பாலம்' எனப்படுவது மணலுக்குச் சற்று மேலே, பிள்ளைகளும் பார்த்து மகிழக்கூடியது. 'உம் ஃப்ரூத்' தென்னை மரம் அளவு உயரமானது. அதன் அடிவரை ஜீப் போகும். 'புர்தா' மலைமேல் இருப்பது. வழிகாட்டியும் ஏறிப் பழக்கமும் இல்லாமல் அங்கே போகக் கூடாது. முதலிரண்டும் நமக்குப் போதும்.

இனி ஏற்பாடு. ஒக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை, அல்லது மார்ச், ஏப்ரல் மாதங்கள் நல்லவை. கோடையில் வெயில் 40 பாகைக்கு மேல் ஏறும். சுபஹ் தொழுததும் அகபாவிலிருந்து புறப்படுங்கள். அவ்வூர்ப் பதவிகளே ஜீப்புடன் வழிகாட்டிகளாகவும் இருக்கிறார்கள். நடை ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட வேண்டாம். வளைவைச் சுற்றி நடந்து, விட்ட இடத்துக்கே திரும்புங்கள். ஜீப் அங்கேயே நிற்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு 3 லீற்றர் கொண்டுபோங்கள். நடக்கும்போது ஒரு லீற்றராவது கையில் இருக்கட்டும். நமது மலையின் ஈரக் காற்றில் வியர்வை உடம்பில் ஒட்டும், தெரியும். அங்கே வியர்த்ததும் உலர்ந்துவிடும். நீர் குறைவதே தெரியாது. ஆகையால் தாகத்துக்குக் காத்திராமல் குடியுங்கள். பேரீச்சம்பழமும் உப்பிட்ட கடலையும் உதவும். செருப்பு வேண்டாம், மூடிய சப்பாத்தே நல்லது. அபாயா கணுக்காலுக்கு மேல் தடக்காதபடி இருக்கட்டும்.

வளைவின் மேல் ஏறிப் படம் எடுக்க மகன் ஆசைப்படுவான். விடாதீர்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 'லேண்ட்ஸ்கேப்' என்னும் நீண்ட வளைவிலிருந்து 1991இல் பெரும் பாளம் பெயர்ந்து விழுந்தது. கீழே இருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். மால்டாவின் புகழ்பெற்ற கடல் வளைவு 2017 மார்ச்சில் முழுதாக இடிந்து போயிற்று. கல்லுக்கும் ஆயுள் உண்டு.

மழை அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். 2018 ஒக்டோபரில் சாக்கடல் அருகே திடீர் வெள்ளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள். மழை எங்கோ பெய்யும், வெள்ளம் பள்ளத்தாக்கில் வரும்.

தொழுகை பற்றியும் அந்தத் தாய் கேட்டார். மகன் வீட்டில் நான்கு நாட்களுக்கு மேல் தங்கும் நிய்யத்தோடு இருப்பவர் ஷாஃபிஈ மத்ஹபில் பயணி அல்லர். அங்கிருந்து வாதி ரம்முக்கு உள்ள 60 கிலோ மீற்றரும் கஸ்ருக்குரிய தூரமான சுமார் 82 கிலோ மீற்றரை எட்டவில்லை. ஆகவே சுருக்காமல் தொழ வேண்டும். முற்பகலிலேயே திரும்பினால் ளுஹரை அகபாவில் நிம்மதியாகத் தொழலாம். தாமதமாகி, குடிக்கும் அளவுக்கே தண்ணீர் இருந்தால் அதைக் குடிக்க வைத்துக்கொண்டு, தூசுள்ள தூய மண்ணால் தயம்மும் செய்யுங்கள். இங்கே மேற்கை நோக்கிப் பழகிய நாம், அங்கே தெற்கே சற்றுக் கிழக்காகத் திரும்ப வேண்டும்.

இன்னொன்று: ஒருவரை அமீராக்குங்கள். திரும்பும் நேரத்தை வீட்டிலேயே குறியுங்கள். வளைவு கண்ணுக்குத் தெரிந்தாலும், நேரம் வந்தால் திரும்புங்கள்.

முழங்காலுக்கு மருந்து நமது வாசலில் இருக்கிறது. வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, தேயிலைத் தோட்டப் பாதையில் அதே சப்பாத்தோடு தினமும் 20 நிமிடம் நடங்கள். ஆறு வாரத்தில் ஒரு மணித்தியாலமாக்குங்கள். இறக்கத்தில்தான் முழங்கால் நோகும், அங்கே மெல்ல நடங்கள்.

இதையெல்லாம் சொன்னபோது அந்தத் தாய் தயங்கினார். "இந்த வயதில், இவ்வளவு செலவில், பார்க்கத்தான் வேண்டுமா?" என்றார். சகோதரிகளே, இவரைப் போல் எத்தனையோ உம்மாமார் அரபு நாடுகளில் பிறர் வீட்டுப் பாத்திரம் கழுவி இங்கே வீடு கட்டினார்கள். பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். அந்த மண்ணின் அழகைக் காண அவர்களுக்கு வாய்க்கவில்லை. மகனின் காசில், கணவரின் துணையோடு, விருந்தாளியாக ஒரு முறை போய், படைத்தவனின் கைவண்ணத்தைப் பார்த்து ஸுப்ஹானல்லாஹ் சொல்லி வரட்டுமே!

அவர் இப்போது சுபஹுக்குப் பின் நடக்கிறார். நேற்று தோட்டப் பாதையில் கண்டேன், காலில் புதுச் சப்பாத்து. அவருடைய பயணத்தை அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.