வீட்டுப் பட்டறை: கோணல் எங்கே?

போன வாரம் அக்கா செல்போனில் கூப்பிட்டாள். க்ஷேமம்கூட விசாரிக்கவில்லை.

"தம்பி, உடனே புறப்பட்டு வா. உங்க அத்தான் பாட்டியோட ஊஞ்சலைச் சீவிச் சீவியே தீர்த்துடுவார் போலிருக்கு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிராமத்து வீட்டை விற்றபோது அக்கா கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே சாமான் அந்த ஊஞ்சல் பலகை. நாலடி நீளம், 18 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். பழைய தேக்கு. இரண்டு பலகைகளை நீளவாட்டில் சேர்த்து, உள்ளே மூங்கில் ஆணி வைத்து ஒட்டியது. பல வருஷ வெயிலும் மழைக் காற்றும் பட்டு, அந்தச் சேர்க்கை விட்டுப் போயிருந்தது. தை மாதம் அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். அந்தப் பலகையில்தான் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார்த்தி வைத்து ஊஞ்சல் பாட வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

அத்தான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பொழுதுபோக்குக்காக ஜாயிண்டர் என்னும் இழைப்பு யந்திரம் ஒன்றை வாங்கி மொட்டை மாடியில் வைத்திருக்கிறார். மேஜையின் மேல் வைத்து வேலை செய்கிற சின்ன ரகம். ஆறு அங்குல அகலம் இழைக்கும். யந்திரத்தை வாங்கியவர் ஒரு நேர்ச்சட்டமும் மூலைமட்டமும் வாங்கவில்லை. யானையை வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசின கதைதான்!

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தான் வேஷ்டியும் தோளில் துண்டுமாக, மேலெல்லாம் மரத்தூளுடன் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளே! மிஷின்லே ஏதோ கோளாறு. எத்தனை தடவை ஓட்டினாலும் பலகையின் கடைசியிலே ஒரு பள்ளம் விழுது. அதைச் சரிபண்ண இன்னொரு தடவை ஓட்டறேன். திரும்பவும் பள்ளம்!"

பலகையை அளந்து பார்த்தேன். இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தால் பதினேழேகால் அங்குலம்தான் இருந்தது. ஒரு தடவைக்கு அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பாகம் என்று கணக்குப் போட்டால், ஒவ்வொரு துண்டையும் பன்னிரண்டு தடவை ஓட்டியிருக்கிறார். முக்கால் அங்குலத் தேக்கு தூளாகி மூலையில் குவிந்து கிடந்தது.

பலகையைத் திருப்பினேன். சிறு வயதில் நாங்கள் நாலு பேரும் ஊஞ்சலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஆணியால் எங்கள் பெயர்களைக் கீறி வைத்திருந்தோம். அக்கா பெயர் சேர்க்கையின் ஓரமாக இருந்தது. அதில் முதல் எழுத்தைக் காணோம்!

"அத்தான், முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு அந்தத் துண்டை எடுத்து வையுங்கள்" என்றேன். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, நேயர்களே! இந்தச் சின்ன யந்திரங்களில் பலவற்றின் உருளை நிமிஷத்துக்கு 10,000 தடவைக்கு மேல் சுற்றுகிறது. அது துண்டின் நுனியைப் பிடித்தால் நம் கழுத்தைக் கேட்டுக்கொண்டு இழுக்காது.

யந்திரத்தின் அமைப்பு ரொம்ப எளிது. முன்னால் ஒரு மேஜை, பின்னால் ஒரு மேஜை. நடுவே கத்திகள் பொருத்திய உருளை. பக்கத்தில் பலகையைச் சாய்த்துத் தள்ளுவதற்கு ஒரு தடுப்புச் சட்டம். முன் மேஜை பின் மேஜையைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். எவ்வளவு தாழ்வோ அவ்வளவு மரம் சீவப்படும். பின் மேஜையும் கத்தியின் உச்சியும் மட்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் இந்த ஒரே விஷயத்தில்தான் பிறக்கின்றன.

கத்தி பின் மேஜையைவிட உயர்ந்திருந்தால் என்ன ஆகும்? பலகையின் வால் முன் மேஜையை விட்டு நழுவியதும், தாங்குவாரில்லாமல் கத்தியின் மேல் உட்காரும். கடைசி இரண்டு அங்குலத்தில் பள்ளம் விழும். அத்தானுக்கு விழுந்த பள்ளம் இதுதான். இந்தப் பள்ளத்தைப் போக்க மறுபடி ஓட்டினால் மறுபடியும் அதே பள்ளம்தான் விழும். நூறு தடவை ஓட்டினாலும் மரம் தேயுமே தவிர, பள்ளம் போகாது.

கத்தி தாழ்ந்திருந்தால் நேர் எதிரிடை. பலகையின் மூக்கு பின் மேஜையின் விளிம்பில் முட்டி நிற்கும். அல்லது மேலே ஏறி, போகப் போகச் சீவுவது குறைந்துகொண்டே வரும்.

"கத்தியைக் கழற்றினீர்களா, அத்தான்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் தயங்கி விஷயத்தைச் சொன்னார். முதல் நாளே 'டக்'கென்று ஒரு சப்தம் கேட்டதாம். யாரோ எப்போதோ ஊஞ்சலை ரிப்பேர் செய்தபோது அடித்த இரும்பு ஆணி ஒன்று ஒடிந்து உள்ளே இருந்திருக்கிறது. கத்தியில் பல் விழுந்துவிட்டது. கழற்றிக் கல்லில் தீட்டி, கண்மட்டமாகத் திரும்ப மாட்டியிருக்கிறார். பழைய வீட்டு மரம் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். வலுவான காந்தத் துண்டு ஒன்றை மரத்தின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்த பிறகே யந்திரத்தில் ஏற்றுங்கள்.

கண்மட்டம் இங்கே உதவாது. அதற்குப் பதில் சுலபமான ஒரு பரீட்சை இருக்கிறது. நேரான மரக்குச்சி ஒன்றைப் பின் மேஜையின் மேல், கத்திக்கு மேலாக நீட்டி வையுங்கள். மேஜையின் விளிம்பு இருக்கும் இடத்தில் குச்சியில் பென்ஸிலால் ஒரு கோடு போடுங்கள். பிளக் பிடுங்கியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு, கத்தியின் முனையில் விரல் படாமல், உருளையைக் கையால் அது ஓடும் திசையில் மெள்ளச் சுற்றுங்கள். கத்தி குச்சியைத் தொட்டுக் கொஞ்ச தூரம் இழுத்துப் போகும். அந்தத் தூரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இருந்தால் கத்தி மட்டத்தில் இருக்கிறது. குச்சி நகரவே இல்லையென்றால் கத்தி தாழ்வு. அதிக தூரம் போனால் உயரம். ஒவ்வொரு கத்தியையும் இடது கோடியிலும் வலது கோடியிலும் சோதிக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு வர வேண்டும்.

அத்தானின் யந்திரத்தில் இரண்டு கத்தி. ஒன்று குச்சியை அரை அங்குலம் இழுத்துக்கொண்டு போயிற்று. மற்றது தொடவே இல்லை! ஒருவர் வேலை செய்ய, மற்றவர் கூடவே சுற்றிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். பலகை முழுதும் குறுக்கே அலை அலையாக வரி விழுந்த காரணமும் இதுதான்.

பின் மேஜையை ஏற்றி இறக்க வசதியுள்ள யந்திரமானால், கத்திகளை முதலில் ஒரே உயரத்துக்குக் கொண்டு வந்து, மேஜையை அவற்றுக்குச் சரியாக்கலாம். சின்ன யந்திரங்கள் பலவற்றில் பின் மேஜை அசையாது. கத்தியைத்தான் அதற்கு இணங்கச் செய்ய வேண்டும். அதற்கென்று கத்திக்கு அடியில் சிறு திருகுகள் இருக்கும். ஒரு மணி நேரம் பிடித்தது. இருவருக்கும் இடையில் இரண்டு தடவை காப்பி வந்தது.

ஆணி பட்ட பல் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதனால் பலகையில் நெடுக ஒரு மெல்லிய மேடு எழும்பும். இதற்காகப் புதுக் கத்தி வாங்க ஓட வேண்டாம். ஒரு கத்தியைத் தளர்த்தி, பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி முடுக்கிவிட்டால் போதும். ஒரு கத்தி விட்ட மேட்டை மற்றது சீவிவிடும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

பிறகு தடுப்புச் சட்டத்தில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். கீழே கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. சட்டம் நேர் செங்குத்தாக இல்லை. அளவு கோட்டில் 90 என்று காட்டினாலும் அதை நம்பாதீர்கள், மூலைமட்டத்தை நம்புங்கள். இரண்டு பலகைகளைச் சேர்த்து ஒட்டுகிறபோது இன்னொரு யுக்தியும் உண்டு. ஒரு பலகையின் மேல்முகத்தையும் மற்றதன் அடிமுகத்தையும் தடுப்பின் பக்கம் வைத்து ஓட்டுங்கள். கொஞ்சநஞ்சம் கோணல் இருந்தாலும், ஒன்று இந்தப் பக்கம் சாய மற்றது அந்தப் பக்கம் சாய்ந்து, சேரும்போது பலகை சமமாகிவிடும். இதில் இரு முகமும் தட்டையாக இருப்பது அவசியம். ஊஞ்சல் பலகையின் ஒரு பாதியே ஒன்பது அங்குலம். ஆறு அங்குல யந்திரத்தில் அதன் முகத்தை இழைக்க முடியாது. ஆகவே முகத்தை மட்டும் பழைய இழைப்புளியால் கையாலேயே தட்டினேன்.

கடைசியாக ஒரு கோளாறு பாக்கி. நீளப் பலகையைத் தாங்க யந்திரத்தின் இரு கோடியிலும் இழுத்துவிடும் கைகள் இருக்கின்றன அல்லவா? பின்பக்கத்துக் கை மேஜை மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. பலகை அதன் மேல் ஏறியதும் நடுப்பாகம் கத்தியை விட்டு எழும்பிவிடும். நடுவில் தொப்பை விழும். அப்படிப்பட்ட இரண்டு பலகைகளைச் சேர்த்து வைத்தால் ஏற்றப் பலகை மாதிரி ஆடும். எவ்வளவு இறுக்கினாலும் கோடியில் வாய் திறக்கும். நேர்ச்சட்டத்தை வைத்துக் கைகளை மேஜை மட்டத்துக்கு இறக்கினோம். மேஜையின் மொத்த நீளத்தைப் போல் இரண்டு பங்குக்கு மேல் நீளமான பலகையை இதில் ஓட்டாமல் இருப்பது நல்லது. அத்தானின் மேஜை இரண்டரை அடி. நாலடி ஊஞ்சல் எல்லைக்குள்தான் இருந்தது.

எல்லாம் சரியானதும் அத்தான் ஊஞ்சல் பலகையை ஆவலோடு தூக்கினார். நான் தடுத்து, மாடிப்படியின் கீழே கிடந்த மாமரப் பலகைத் துண்டு இரண்டை எடுத்து வரச் சொன்னேன். இதுதான் இந்த வாரம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கோணல் எங்கே என்று நல்ல மரத்தில் தேடக் கூடாது. உபயோகமில்லாத துண்டில் தேட வேண்டும். துணியைத் தப்பாக வெட்டினால் ஒட்டுப் போடலாம். சாம்பாரில் உப்புக் கூடினால் உருளைக்கிழங்கு போடலாம். சீவின மரம் திரும்பி வராது.

மாமரத் துண்டுகள் வெளிச்சம் புகாமல் ஒன்றோடு ஒன்று உட்கார்ந்தன. அதற்குப் பிறகு ஊஞ்சல் பலகைகளை ஓட்டினோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டே தடவை.

வேறு சில கோளாறுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இழைத்த இடம் செதில் செதிலாகப் பெயர்ந்தால், நார் ஓட்டத்துக்கு எதிராகத் தள்ளுகிறீர்கள். பலகையைத் திருப்பிப் பிடியுங்கள். அப்படியும் பெயர்ந்தால் சீவும் ஆழத்தைக் குறைத்து மெதுவாகத் தள்ளுங்கள்.

மரம் கருகினால் கத்தி மழுங்கிவிட்டது, அல்லது பாதியில் தள்ளுவதை நிறுத்தினீர்கள். தேக்கில் சிலிக்கா என்னும் மணல் சத்து உண்டு; மற்ற மரங்களைவிட அது கத்தியைச் சீக்கிரம் மழுக்கும்.

மோட்டார் முனகினால் ஆழம் அதிகம். சின்ன யந்திரத்துக்கு ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்குள் போதும். சீவல் வெளியேறும் வழி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். குச்சி விட்டுக் குத்துவதானால், பிளக்கைப் பிடுங்கிய பிறகு!

ஒரு முகத்தை இழைத்துவிட்டுத் திருப்பி மறு முகத்தையும் இதிலேயே இழைத்தால், பலகை ஆப்பு மாதிரி ஒரு பக்கம் மெலியலாம். அது யந்திரத்தின் குற்றம் அல்ல. இது ஒரு முகத்தைத் தட்டையாக்கும். ஒரு விளிம்பை அதற்குச் செங்குத்தாக்கும். சமகனமாக்குவது வேறு யந்திரத்தின் வேலை.

ஓர் அடிக்குக் குறைவான துண்டுகளை இதில் ஓட்டவே வேண்டாம். கத்தி இருக்கும் இடத்துக்கு மேலாக எந்தக் கையும் போகக் கூடாது. பலகையின் முகத்தை இழைக்கும்போது தள்ளுகட்டையை உபயோகியுங்கள். அதைச் செய்யச் சோம்பல்பட்டு விரலைக் கொடுத்தவர்கள் உண்டு.

பசை காய்ந்ததும் பலகையின் அடியில் குறுக்காக இரண்டு கனத்த சட்டங்களைத் திருகு போட்டுப் பொருத்தினோம். ஊஞ்சலில் மனிதர்கள் உட்காருகிறார்கள். ஒட்டு ஒன்றையே நம்பலாகாது. மழையிலும் வெயிலிலும் பலகை அகலத்தில் விரிந்து சுருங்கும் என்பதால், சட்டத்தின் துளைகளைக் கொஞ்சம் நீளவாட்டமாக விட்டிருக்கிறோம்.

சாயங்காலம் அக்கா மாடிக்கு வந்தாள். பலகையைத் திருப்பிக் காட்டினோம். அவள் பெயரில் முதல் எழுத்தும் இரண்டாவதில் பாதியும் போயிருந்தன. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா மிச்சமிருந்த எழுத்துக்களை விரலால் தடவிப் பார்த்தாள். "போகட்டும். கல்யாணத்துக்கு எல்லாரும் வருவீங்க இல்லையா? அன்னிக்கு என் பொண்ணும் அவ பேரை இங்கே கீறட்டும்" என்றாள். பிறகு அத்தானைப் பார்த்து, "ஆணியை மட்டும் உள்ளே விட்டுடாதீங்க!" என்றாள்.