கோடைக்கு உகந்த யப்பானியக் குளிர்ச் சலாது



வெயில் கடுமையாகக் காயும் நாட்களில் இல்லத்தரசிக்கு நேரும் கவலைகளுள் ஒன்று, சமைத்த உணவு சட்டியிலேயே மிஞ்சிவிடுவது. பிள்ளைகள் இரண்டு கவளம் உண்டு எழுந்துவிடுவார்கள். முதியவர்களோ, “தண்ணீர் போதும்” என்று கோப்பையைத் தள்ளிவிடுவார்கள். சூடான சோற்றையும் காரமான கறியையும் கண்டதும் மனம் பின்வாங்குகிறது. இரண்டு மூன்று நாட்கள் இவ்வாறு சென்றால் தேகம் தளர்ந்துபோகும். முதியவர்களுக்கு அது சிறிய விஷயமாகாது.

யப்பானியர் இத்தளர்ச்சிக்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். ‘நட்சுபாதே’ என்பது அப்பெயர். கோடையினால் வரும் சோர்வு என்பது பொருள். யூலை மாத நடுவில் மழைக்காலம் நீங்கியதும், அந்நாட்டின் பெரும்பகுதியில் கொழும்பு நகரத்துப் புழுக்கத்துக்குக் குறையாத புழுக்கம் தொடங்கிவிடும். வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களும் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. அப்பருவம் வந்ததும், “குளிர் நூடில்ஸ் தொடங்கிவிட்டோம்” என்று உணவுச்சாலைகளின் வாயிலில் எழுதித் தொங்கவிடுவது அங்கே வழக்கம். வீடுகளிலோ மெல்லிய நூடில்ஸை அவித்து, குளிர்ந்த நீரில் அலசி, காய்கறிகளோடு கண்ணாடிக் கிண்ணத்தில் பரிமாறுகிறார்கள். அச்சலாதைச் செய்யும் முறையையே இவ்வாரம் எழுதுகிறேன்.

இதற்கு மிகவும் ஏற்றது ‘சோமென்’ என்னும் நூடில்ஸ். கோதுமை மா, உப்பு, தண்ணீர் ஆகிய மூன்றுமே இதன் முதற்பொருள்கள். உலர்ந்த நூலின் தடிப்பு 1.3 மில்லிமீற்றருக்கும் குறைவாகவே இருக்கும். கையால் செய்வோர் மாவைக் கயிறாகத் திரித்து, காய்ந்துபோகாதபடி எண்ணெய் பூசி, சிறிது சிறிதாக இழுத்து நூலாக்குவர். குளிர்கால மாதங்களிலேயே இவ்வேலை நடைபெறும். நாரா மாநிலத்து மீவா என்னும் ஊர் இதற்குப் பழமையான பெயர் பெற்றது. யூலை 7-ஆம் திகதி நிகழும் தனபாத்தா என்னும் நட்சத்திர விழாவன்று சோமென் உண்பதும் அந்நாட்டு வழக்கம்.

பார்வைக்கு இது நம் இடியப்பத்தின் உறவுபோலத் தோன்றும். ஆகவே, “இடியப்பத்தைக் கொண்டே செய்தால் என்ன?” என்று சிலர் கேட்கக்கூடும். அது பயன் தராது. கோதுமை மாவை உப்பிட்டுப் பிசைந்து இழுக்கும்போது அதில் ஓர் இழுவைத்தன்மை உண்டாகிறது. அதனால் அவித்த பின்னும் கையால் தேய்த்துக் கழுவலாம். அரிசிமா இடியப்பம் அத்தகைய கழுவுதலைத் தாங்காது உதிர்ந்துவிடும். இப்பதார்த்தத்தின் உயிரே அக்கழுவுதலில்தான் இருக்கிறது. சோமென் கிடைக்காவிடின் கடைகளில் விற்கும் மிக மெல்லிய கோதுமை நூடில்ஸை உபயோகிக்கலாம். பொதியினுள் இருக்கும் சுவைத்தூளை ஒதுக்கிவிடுங்கள்.

நால்வருக்குத் தேவையான பொருள்கள்:

சோமென் நூடில்ஸ் – 200 கிராம்
வெள்ளரிக்காய் – 1
கரட் – சிறியது 1
முட்டை – 2
இறால் – 12 (அல்லது அவித்துக் கிழித்த கோழியிறைச்சி ஒரு கோப்பை)
வெங்காயத்தாள் – 2
வறுத்த எள் – 1 மேசைக்கரண்டி

ஊற்றும் சாற்றுக்கு:

சோயா சோஸ் – 3 மேசைக்கரண்டி
வினாகிரி – 3 மேசைக்கரண்டி
சீனி – 1½ மேசைக்கரண்டி
நல்லெண்ணெய் – 2 தேக்கரண்டி
இஞ்சிச் சாறு – 1 தேக்கரண்டி
‘டாஷி’ என்னும் தெளிந்த சாறு – 6 மேசைக்கரண்டி

டாஷி என்ற பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். யப்பானியச் சமையலின் அத்திவாரம் இது. கொம்பு என்னும் கடற்பாசியையும், ‘கட்சுஒபுஷி’ என்னும் உலர்மீன் சீவலையும் நீரிலிட்டு எடுப்பார்கள். இந்தக் கட்சுஒபுஷி வேறெதுவுமன்று. சூரை இனத்து மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் உலர்த்தியது. நம் அடுக்களையில் சம்பலுக்கு இடிக்கும் மாலைதீவு மாசியும் அதே இனத்து மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தியதே. ஆகவே மாசி அறிந்த நமக்கு டாஷி அந்நியமாகாது. கொம்பிலுள்ள சுவை குளூட்டமிக் அமிலத்தினால் வருவது என்பதை 1908-ஆம் ஆண்டில் இக்கேடா கிகுனாயே என்னும் தோக்கியோப் பேராசிரியர் கண்டறிந்து, அச்சுவைக்கு ‘உமாமி’ எனப் பெயரிட்டார். உலர்மீனின் சுவைக்குக் காரணமான பொருளை 1913-இல் அவருடைய மாணாக்கர் கண்டறிந்தார்.

மாசியை மெல்லியதாகச் சீவி, இரண்டு மேசைக்கரண்டியளவு எடுத்து, ஒருமுறை நீரில் அலசி, ஒரு கோப்பைத் தண்ணீரில் இட்டு இரண்டு நிமிடம் மெல்லக் கொதிக்கவையுங்கள். பின்பு துணியில் வடித்தெடுத்தால் சாறு தயார். சைவ உணவு உண்போர் மூன்று உலர்ந்த காளான்களை ஒரு கோப்பைத் தண்ணீரில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரவு ஊறவைத்து, அந்நீரை ஒருமுறை கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கொள்ளலாம். யப்பானியப் பௌத்த மடங்களின் மரக்கறிச் சமையலிலும் காளான் நீருக்கு முக்கிய இடம் உண்டு. ஊறிய காளான்களை அந்நீரிலேயே நன்றாக வேகவைத்து, மெல்லியதாக அரிந்து சலாதில் சேர்க்கலாம். முட்டைக்கும் இறாலுக்கும் பதிலாக அவர்கள் சோயாக்கட்டியை உபயோகிப்பது நன்று.

செய்முறை:

முதலில் சாற்றுக்குரிய யாவற்றையும் சீனி கரையும்வரை கலக்கிக் குளிரவையுங்கள். யப்பானியர் வறுத்த எள்ளில் பிழிந்த எண்ணெயையே இதற்குச் சேர்ப்பர். வறுக்காத எள்ளில் ஆட்டிய நல்லெண்ணெயில் அவ்வாசனை குறைவு. ஆதலால் எள்ளைப் புதிதாக வறுத்து, பாதியை நுணுக்கிச் சாற்றிலே சேர்த்துவிடுங்கள். மிகுதியைப் பிறகு தூவலாம்.

முட்டையைச் சிட்டிகை உப்போடு அடித்து, தாச்சியில் தாள்போல் மெல்லியதாக ஊற்றி, இருபுறமும் வேகவைத்து, ஆறிய பின் நூலாக அரியுங்கள். வெள்ளரிக்காயையும் கரட்டையும் நன்றாகக் கழுவித் தீக்குச்சியளவில் அரியுங்கள். இறாலைக் குடல் நீக்கி, நன்றாக அவித்து, ஆறவிடுங்கள்.

இனி நூடில்ஸ். பெரிய பாத்திரத்தில் இரண்டு லீற்றர் தண்ணீரை உப்பிடாமல் கொதிக்கவையுங்கள். நூடில்ஸை விரித்தாற்போல் தூவி, குச்சியால் ஒருமுறை கிளறுங்கள். நீர் பொங்கி எழும்போது அரைக் கோப்பைக் குளிர்நீரை ஊற்றுவது பழைய முறை. ‘திடுக்கிடும் நீர்’ என்று அதற்கு யப்பானியர் வேடிக்கையாகப் பெயரிட்டுள்ளனர். அடுப்பைத் தணித்தாலும் போதும். சோமென் ஒன்றரை முதல் இரண்டு நிமிடத்துக்குள் வெந்துவிடும்; ஆதலால் அடுப்பைவிட்டு அகலக்கூடாது.

வெந்தவுடன் வடித்து, குழாய்நீரில் சூட்டை ஆற்றுங்கள். பின்பு இரு கைகளாலும், துணியை அலசுவதுபோல், மெதுவாகத் தேய்த்து, நீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை கழுவுங்கள். மேலே படிந்த மாப்பசையும், நூலிழுக்கும்போது பூசிய எண்ணெயும் இவ்வாறே நீங்கும். இதைச் சோம்பலால் விட்டுவிட்டால் நூடில்ஸ் களிபோல் ஒட்டிக்கொண்டு, குளிரவைத்தும் கனமாகவே இருக்கும்.

இன்னொரு முக்கிய செய்தி. இது மறுபடி அடுப்பேறாத உணவு. ஆகவே கடைசி அலசலைக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் செய்வதும், பனிக்கட்டியையும் அத்தகைய நீரிலேயே உறையவைப்பதும் அவசியம். குளிர்நீரில் ஒரு நிமிடம் வைத்தெடுத்து, நீரை நன்றாக வடித்துவிடுங்கள். ஈரம் தங்கினால் சாறு நீர்த்துச் சுவை கெடும்.

சாற்றை முன்கூட்டியே ஊற்றாதீர்கள். நூடில்ஸைச் சிறு சுருள்களாகக் கிண்ணத்தில் அடுக்கி, மேலே பச்சை, செம்மஞ்சள், மஞ்சள் என நிறம் பிரித்துக் காய்களையும் முட்டையையும் வைத்து, வெங்காயத்தாளும் எள்ளும் தூவி, மேசைக்குக் கொண்டுவந்த பின்பே சாறு ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் உண்டுவிடுவது நலம். மறுநாளைக்கு வைத்தால் நூல்கள் ஒன்றாகிக் கட்டியாகிவிடும்.

நிற்க. எண்ணெய் குறைந்த உணவெல்லாம் உடலுக்கு இலகுவானது என்று எண்ணிவிடலாகாது. இங்கே கவனிக்க வேண்டியது உப்பு. உலர்ந்த சோமென் 100 கிராமில் ஏறக்குறைய 4 கிராம் உப்பு உண்டு. அவித்து, நாம் சொன்னவாறு கழுவும்போது அதன் பெரும்பகுதி நீரோடு போய்விடுகிறது. ஆயின் சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டியில் இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது. மேற்சொன்ன அளவில் ஒருவர் பங்குக்கு இரண்டு கிராம் வரை சேரும். ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. இரத்த அழுத்தமுள்ளவர் வீட்டில் இருந்தால் சோயா சோஸை இரண்டு கரண்டியாகக் குறைத்து, டாஷியையும் தேசிக்காய்ச் சாற்றையும் கூட்டுங்கள். மாசியின் சுவையும் புளிப்பும் உப்பின் குறை தெரியாமல் மறைத்துவிடும். சாறு முழுவதையும் குடித்து முடிக்க வேண்டியதும் இல்லை.

சிலர் சோமெனுக்குப் பதிலாக ‘சோபா’ என்னும் கபில நிற நூடில்ஸை வாங்குவதுண்டு. அது ‘பக்வீற்’ என்னும் வேறொரு தானியத்தால் செய்யப்படுவது. சிலருக்கு அது கடும் ஒவ்வாமையை உண்டாக்கும்; யப்பானில் பொதிகளில் அதைக் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே உண்டு. ஆதலால் முதன்முறை கொடுக்கும்போது, சிறப்பாகப் பிள்ளைகளுக்கு, அவதானம் வேண்டும்.

வெயில் உச்சியில் நிற்கும் வேளையில், ஒரு கைப்பிடி நூடில்ஸும் நான்கு துண்டு வெள்ளரிக்காயும் சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் குளிரக் குளிர வைத்து, சோறு வேண்டாமென்ற பெரியவர் முன் வைத்துப் பாருங்கள். கிண்ணம் சிறிதாக இருக்கட்டும். முழுவதையும் உண்டு, இன்னும் கொஞ்சம் கேட்பதற்கு அவருக்கு இடமிருக்க வேண்டும்.