பெயர் நின்றது, கடை போயிற்று

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரத்தை இன்று அவ்வூர் வீதிகளில் தேடுவது வீண். அதைக் காண விரும்புவோர் கிழக்கே பிச்சாவரத்துக்குப் போய், ஓடமேறி, உப்பங்கழிகளின் நடுவே சுரபுன்னைகளோடு கலந்து நிற்கும் தில்லையைப் பார்த்து வரவேண்டும். ஊர் பெயரை வைத்துக்கொண்டு மரத்தை விட்டுவிட்டது. சென்னைப் பட்டணத்திலும் இவ்விதமே ஒன்று நடந்திருக்கிறது. சென்ட்ரல் ஸ்டேஷனை அடுத்த புறநகர் ரயில் நிலையம் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று வழங்குகிறது. அங்கே மார்க்கெட் இல்லை. பழைய கட்டடத்தின் சிறிய மாதிரி ஒன்றை நிலையத்தின் முன்புறத்தில் வைத்திருக்கிறார்கள்.

மறைந்த கடைகளெல்லாவற்றுக்கும் ஒரேவிதமாகக் கண்ணீர் வடிக்கும் வழக்கம் இப்பொழுது பெருகி வருகிறது. இதில் நமக்குச் சம்மதமில்லை. 1882-ல் கல்கத்தாவில் தோன்றிய வொயிட்அவே லெயிட்லா கம்பெனி மவுண்ட் ரோட்டில் மாளிகை கட்டி, ரொக்கத்துக்கே சரக்கு என்ற கண்டிப்போடு சீமைச் சாமான்களை விற்றது. பிற்காலத்தில் அந்த மாளிகை சுதேசமித்திரன் காரியாலயமாயிற்று. சீமைத் துணி விற்ற இடத்திலிருந்து தமிழ்ப் பத்திரிகை வெளிவந்ததற்காக விசனப்படுவோர் இருந்தால் அவர்கள் நம்மிடம் அனுதாபத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஸ்பென்ஸர் கதை சற்று வேறு. திண்டுக்கல் புகையிலையைச் சுருட்டாக்கித் துரைமார்களுக்கு விற்ற அந்த ஸ்தாபனத்தின் கட்டடம் அழகானது என்பதில் ஐயமில்லை. 1983-ல் தீ அதைக் கொண்டுபோயிற்று. அவ்விடத்தில் இப்பொழுது ஸ்பென்ஸர் பிளாசா நிற்கிறது. ஆயினும் அந்தப் பழைய வாயிற்படியை மிதிக்கவும் தயங்கி அப்பால் நடந்தவர்களே நம்மவரில் அநேகர்.

மூர் மார்க்கெட் அப்படிப்பட்டதன்று. கார்ப்பரேஷன் தலைவராயிருந்த ஸர் ஜார்ஜ் மூர் பெயரால் 1898-ல் கால்கொள்ளப்பட்டு 1900-ல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் கட்டடத்தில் எவனும் நுழையலாம், எதையும் கையிலெடுத்துப் பார்க்கலாம், வாங்காமலும் திரும்பலாம். பழைய கிராமபோன் தட்டும் கூண்டுக்கிளியும் விற்ற அதே இடத்தில்தான் புஸ்தகமும் விற்றது. ஊர் திரும்பிய வெள்ளைக்காரனின் அலமாரியும், காலமான வக்கீலின் நூல்நிலையமும், பரீட்சை தேறிய மாணவனின் பாடப்புஸ்தகமும் ஒரே குவியலில் வந்து சேரும். விலை அட்டையில் இராது. வாங்குபவன் முகத்தில் இருக்கும். ஆவல் அதிகமாகத் தெரிந்தால் விலையும் அதிகம். 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஏற்பட்ட பின், சிதம்பரத்திலிருந்து ரயிலேறி எழும்பூரில் இறங்கும் ஏழை மாணவனுக்கு, அச்சில் இல்லாத நூலொன்று வேண்டுமானால், கால்நடையாகப் போகக்கூடிய தூரத்தில் அந்த ஒரு புகலிடம் இருந்தது.

1985 மே மாத இறுதியில் அதுவும் எரிந்தது. எரிந்ததைப் பற்றி ஊரில் பல பேச்சு உண்டு. சாட்சியமில்லாத பேச்சை வக்கீல் தொழில் செய்யும் நாம் ஏற்பதற்கில்லை. நிலம் ரயில்வேக்குப் போயிற்று, கடைக்காரர்கள் அருகிலுள்ள அல்லிக்குளத்துக்குப் போனார்கள் என்பதுவரை மறுக்க முடியாத சங்கதி. நாம் சட்டம் பயின்ற நாளில் அந்த அல்லிக்குளத்தில்தான் முல்லாவின் ஹிந்து சட்ட நூலைப் பாதி விலைக்கு வாங்கினோம். அதன் ஓரங்களில் முன்னே வைத்திருந்த யாரோ ஒருவர் எழுதிய குறிப்புகள், மூல நூலைக் காட்டிலும் நமக்கு உதவின என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

பின்னர் வந்த பெரிய கடைகளும் நிலைத்தபாடில்லை. 1987-ல் நுங்கம்பாக்கத்தில் திறந்த லேண்ட்மார்க், ஒரு தலைமுறைக்குப் படிக்கும் ருசியைக் கொடுத்துவிட்டு மூடிக்கொண்டது. 1844-ல் பிறந்த ஹிக்கின்பாதம்ஸ் மவுண்ட் ரோட்டுக் கட்டடத்தில் இன்னும் நிற்கிறது என்பது ஆறுதல். வருஷந்தோறும் புஸ்தகக் கண்காட்சி நடக்கிறதே, 1977 முதல் அதற்குக் குறைவில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். அங்கே கிடைப்பது பெரும்பாலும் புதிய அச்சு. பதிப்பு தீர்ந்துபோன நூல், வீட்டுக்காரர் எடைக்குப் போட்ட நூல், இவைகளுக்கு எந்தக் கண்காட்சியிலும் ஸ்டால் வாடகை கட்டுவார் இல்லை.

தில்லை மரத்துக்குப் பிச்சாவரமாவது மிஞ்சியது. பழம் புஸ்தகத்துக்கு மிஞ்சியிருப்பது நடைபாதை. திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோட்டிலும் மயிலாப்பூர் லஸ்ஸிலும் நடைபாதையை நம்பியே பழம் புஸ்தக வியாபாரம் வளர்ந்தது. பாதையை அகலப்படுத்துகிறோம், அழகுபடுத்துகிறோம் என்று அதிகாரிகள் புறப்படுகிற ஒவ்வொரு முறையும் முதலில் கலைக்கப்படுபவன் நடைபாதை வியாபாரியே. 2014-ம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை அதிகாரிகள் ஒருமுறை பிரித்துப் படிப்பது நலம். ஐம்பது ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயற்கைச் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாகப் பிரகடனம் செய்யவேண்டும், அங்குள்ள வியாபாரிகளை இடம்பெயர்க்கக் கூடாது என்று அதன் அட்டவணை விதிக்கிறது. செய்யலாம் என்பதல்ல, செய்யவேண்டும் என்பதே வாசகம். பழம் புஸ்தகத் தெருக்கள் விஷயத்தில் மாநகராட்சி இதைக் கவனிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

ஐம்பது ஆண்டு என்பதற்கு ருசு எங்கே என்று கேட்பார்கள். அந்த நடைபாதைகளில் வாங்கிப் படித்துத் தலை நரைத்த வக்கீல்களும் உபாத்தியாயர்களும் நமது வாசகர்களிலேயே பலர் இருக்கவேண்டும். முதல் புஸ்தகம் எந்த வருஷத்தில், எந்த மூலையில் வாங்கினோம் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, அவர்கள் நகர விற்பனைக் குழுவுக்கு அனுப்பட்டும். பிரமாணப் பத்திரம் தயாரிக்க உதவி தேவைப்படுவோருக்கு நமது காரியாலயத்தில் கட்டணமின்றிச் செய்து கொடுப்போம்.