கையாற் செய்யும் வாழ்த்து மடல்

பொங்கலும் புத்தாண்டும் தீபாவளியும் நத்தாரும் வருங்கால் ஒருவரையொருவர் வாழ்த்துதல் நம்மவரிடையே நிலவும் நல்வழக்கமாகும். இந்நாளில் அவ்வழக்கம் குன்றிவிட்டதென்று எவரும் கூறார். கைத்தொலைபேசியைத் திறந்தால், விடியுமுன்னரே வாழ்த்துக்கள் வந்து குவிந்து கிடக்கின்றன. ஆயினும் அவற்றுள் நமக்கென்றே அனுப்பப்பட்டவை எத்தனை? யாரோ வரைந்த படத்தை வேறொருவர் நூறு பேருக்கு அனுப்ப, அந்நூற்றுவருள் நாமும் ஒருவராகின்றோம். மறுநாள் இடம் போதாதென்று அப்படங்களை அழித்தும் விடுகின்றோம். வாழ்த்துக்கள் பெருகியும் மனநிறைவு பெருகாமைக்குக் காரணம் இதுவேயாகும்.

அச்சிட்ட வாழ்த்து மடலும் உழைப்பைக் குறைப்பதற்கென்றே தோன்றியது என்பது இங்கு நினைக்கத்தக்கது. இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அதன்பின் கடிதங்கள் பெருகின. பல பணிகளை மேற்கொண்டிருந்த ஹென்றி கோல் என்பார், நண்பர் யாவருக்கும் தனித்தனியே எழுத நேரமின்மையால், 1843இல் ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லி என்னும் ஓவியரைக்கொண்டு நத்தார் வாழ்த்துப் படமொன்றை வரைவித்து அச்சிடுவித்தார் என்பர். ஆயிரம் பிரதிகள் அச்சாயின. ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். வணிகமுறையில் வெளிவந்த முதல் நத்தார் மடல் அதுவேயாம். எனினும் அம்மடலில் பெறுவோர் பெயரையும் அனுப்புவோர் பெயரையும் கையால் எழுதுவதற்கு இடம் விடப்பட்டிருந்தது. இன்று பலருக்கும் ஒருங்கே அனுப்பும் படத்திலோ அந்த இடமும் இல்லாதொழிந்தது.

ஆகையால், வீட்டிலுள்ள பொருள்களைக்கொண்டு சிறுவரும் பெரியோரும் கூடியிருந்து மடல் செய்யும் முறையை இவ்வாரம் கூற விழைகின்றோம்.

கடதாசியும் மடிப்பும்

சற்றுத் தடித்த ஏ4 கடதாசி ஒன்றைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் இரு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் நடுவே மடித்தால் 148 மில்லிமீற்றர் உயரமும் 105 மில்லிமீற்றர் அகலமும் உள்ள மடலாகும். இது 162க்கு 114 மில்லிமீற்றர் அளவுள்ள கடித உறையினுள் இலகுவாக அடங்கும்.

இயந்திரத்திற் செய்த கடதாசியில் நார்கள் பெரும்பாலும் ஒரு திசை நோக்கியே படிந்திருக்கும். நார் செல்லும் திசையில் மடித்தால் மடிப்பு நேராக விழும். அதற்குக் குறுக்கே மடித்தால் வெடித்துப் பிசிறு தோன்றும். தாளை மடிக்காது நெடுக்கிலும் குறுக்கிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எளிதில் வளையும் பக்கமே நாரின் திசையென அறியலாம். மடிக்குமுன் அடிமட்டத்தை வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் ஒரு கோடு அழுத்திக்கொள்ளுதல் நன்று.

சமையலறை தரும் அச்சுக்கள்

வெண்டிக்காயைக் குறுக்கே அரிந்தால் இதழ் விரித்த பூவொன்று கிடைக்கும். வாழை இலையின் தண்டை அரிந்தால், உள்ளே சிறு அறைகள் நிரம்பிய பிறை வடிவம் தோன்றும். இவை இயற்கை செய்துவைத்த அச்சுக்கள். நாம் செதுக்க வேண்டுவதில்லை. உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டுமுகத்தில் இலை, விளக்கு, பானை முதலியவற்றை வரைந்து, சுற்றியுள்ள பகுதியை மூன்று நான்கு மில்லிமீற்றர் ஆழத்துக்குச் செதுக்கிவிட்டால் வேண்டிய உருவம் மேலெழுந்து நிற்கும். பிள்ளைகள் வரையட்டும், கத்தி பெரியோர் கையில் இருக்கட்டும்.

வெட்டுமுகத்து ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்தல் இன்றியமையாதது. இன்றேல் வர்ணம் நீர்த்துப் பரவும். வர்ணத்தை அச்சின்மீது நேரே ஊற்றாது, பஞ்சுத்துண்டொன்றில் தோய்த்து, அதன்மேல் அச்சை ஒற்றியெடுக்க வேண்டும். முதலிற் பழங்கடதாசியில் பதித்துப் பார்த்தபின் மடலிற் பதிக்கலாம். கிழங்கு அச்சு அன்றைக்கு மட்டுமே உதவும். நெடுநாள் இருக்கவேண்டின் அழிறப்பரிற் செதுக்குக.

எழுத்துக்களைச் செதுக்குவோர் ஒன்றை மறத்தலாகாது. அச்சிலுள்ளது பதியும்போது இடம் வலமாக மாறும். ஆகவே மெல்லிய தாளில் எழுத்தைப் பென்சிலால் அழுத்தி எழுதி, அத்தாளை அழிறப்பர்மேற் கவிழ்த்துத் தேய்த்தால், மாற்றுருவம் அதன்மேற் படியும். அதனையே செதுக்கிக்கொள்ளலாம்.

கோலக் கடதாசி

மடலின் முகப்பில் ஒட்டுதற்குச் சித்திரக் கடதாசியைக் கடையில் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பரிசுப் பொருள் சுற்றிவந்த தாள், பழைய நாட்காட்டி, உட்புறம் நீலக் கோடுகள் அச்சிட்ட கடித உறை யாவும் உதவும். நாமே செய்ய விரும்பின் எளிய வழியொன்றுண்டு. ஒரு பங்கு கோதுமை மாவை ஆறு பங்கு நீரிற் கரைத்துக் கட்டியில்லாமற் காய்ச்சி ஆறவிட்டு, அதில் வர்ணத்தைக் கலந்து, ஈரத்துணியால் துடைத்த கடதாசியிற் பூசுக. காயுமுன் பழைய சீப்பை அதன்மேல் வளைத்தும் நெளித்தும் இழுத்தால், அலையலையான கோலம் தோன்றும். ஐரோப்பாவில் நூல் கட்டுவோர் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் இவ்வாறு செய்த தாள்களைப் புத்தக அட்டைகளுக்குப் பயன்படுத்தினர். காய்ந்தபின் தாள் சுருளுமாதலின், கனத்த புத்தகங்களின்கீழ் ஓரிரவு வைத்தல் வேண்டும்.

எழுத வேண்டியது

இவ்வளவும் அழகுற அமைந்தபின், உள்ளே “இனிய நல்வாழ்த்துக்கள்” என்ற இரு சொற்களோடு நிறுத்துவோமாயின், பட்ட பாட்டிற் பாதி வீணாகும். மடல் இன்னாருக்கென முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு, அவருக்கென்றே ஒரு வாக்கியமேனும் எழுதுதல் வேண்டும். முற்றத்து மாமரம் பூத்ததையோ, தம்பி பல் விழுந்து சிரிப்பதையோ எழுதினாற் போதும். பார்வை மங்கிய முதியோர்க்குக் கறுப்பு மையிற் பெரிய எழுத்தாக எழுதுக.

பிள்ளைகள் கடல்கடந்து வாழ, முதியோர் மட்டும் விளக்கேற்றும் வீடுகள் இன்று நம் ஊர்களிற் பலவுள. அயல்நாட்டிற் பிறந்த பேரப்பிள்ளைகளிற் சிலர் தமிழ் பேசுவர், எழுதப் பயிலார். பாடநூலை விரித்து எழுதெனின் மறுக்கும் குழந்தையும், தன் கையால் வெண்டிக்காய்ப் பூப் பதித்த மடலில் “அம்மம்மாவுக்கு” என்று எழுத மறுக்குமோ? அவ்வெழுத்துக் கோணலாயிருப்பினும் திருத்தாதீர்கள். தொலைபேசியிற் கேட்ட குரல் அக்கணமே மறையும். அக்கோணல் எழுத்தோ தலையணையின்கீழ் இருந்து, நினைத்தபோதெல்லாம் எடுத்துப் பார்க்க உதவும்.

கடல் கடந்து செல்லும் மடல்களை மூன்று நான்கு கிழமைகள் முன்னதாகவே அஞ்சலிற் சேர்த்தல் நலம். மணி, விதை முதலியன ஒட்டினால் உறை புடைத்துக் கிழியக்கூடுமாதலின், அலங்காரம் தட்டையாகவே இருக்கட்டும். தபாற்கந்தோரில் நிறுத்துப் பார்த்தே முத்திரை ஒட்டுக.

நூறு மடல் செய்ய முயன்று சலிப்படைய வேண்டா. வாழ்த்தை எதிர்பார்த்திருப்போர், எதிர்பார்ப்பதையே விட்டுவிட்டோர் என மூவரைத் தேர்ந்து மூன்று மடல்கள் செய்யுங்கள். வரும் பண்டிகைக்கு அதுவே போதுமானது.