திருவாதிரையும் மலைநாட்டு நீராட்டும்

நீலகிரிக் கூடலூரினின்று நிலம்பூருக்கு இறங்கும் மலைவழியின் தலையில் நாடுகாணி என்னும் ஊர் உளது. நாட்டைக் காணுமிடம் என்பது அதன் பெயர்ப்பொருள். கிழக்கே தமிழ்வழக்கும் மேற்கே மலையாளவழக்கும் பரந்து கிடப்ப, அவ்வூர் இரண்டற்கும் நடுவணதாய் நிற்கின்றது. அதனைச் சூழ்ந்த கூடலூர்ப்பகுதி பண்டு மலபார் மாவட்டத்து வயநாட்டைச் சேர்ந்திருந்து, 1877-ஆம் ஆண்டில் நீலகிரியோடு இணைக்கப்பட்டது. 1964-ஆம் ஆண்டின் இந்திய இலங்கை ஒப்பந்தத்தின்பின், இலங்கை மலையகத்தினின்று போந்த தமிழ்மக்கள் பலரும் இப்பகுதித் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். ஆகவே, ஒரு விழாவே பலவாறு கொண்டாடப்படுதலை இங்குள்ளார் அயல்மனையிலேயே காண்டல் கூடும். கண்டு மகிழற்பாலதாகிய அதனைக் கண்டு, தம் வழக்கே மெய் எனவும் அயலார் வழக்குப் பொய் எனவும் கூறுவாரும் உளர். அக்கூற்றின் பொருந்தாமையை மார்கழித் திருவாதிரையில் வைத்து ஆராய்தல் எளிது.

தமிழர் மார்கழி என்பதும் மலையாளத்தார் தனு என்பதும் ஒரே ஞாயிற்றுத் திங்களாம். அத்திங்களின் ஆதிரையே இருநாட்டார்க்கும் திருநாள். தமிழ்நாட்டிலே அது கோயில்விழாவாகச் சிறந்தது. தில்லையில் முன்னாள் தேரூர்ந்தருளிய கூத்தப்பெருமான், ஆதிரை விடியலில் ஆயிரக்கால் மண்டபத்தே திருமஞ்சனங் கொண்டருளிப் பின் அடியார்க்குக் காட்சி நல்குவர். உத்தரகோசமங்கையில் ஆண்டு முழுதுஞ் சந்தனக்காப்பில் மறைந்திருக்கும் மரகதத் திருமேனி அப்போது காப்பு நீங்கி வெளிப்படும். மனைதொறும் களியட்டுப் படைப்பர். மலைநாட்டிலோ அது மகளிர் நோன்பாகச் சிறந்தது. விடியுமுன் குளம்புக்குப் பாடி நீராடலும், அரிசிச்சோறு நீக்கிக் கூவைமாவும் கிழங்கும் உண்டலும், தசபுஷ்பஞ் சூடலும், விளக்கினைச் சூழ்ந்து கைகொட்டி ஆடி இராமுழுதும் விழித்திருத்தலும் அந்நோன்பின் உறுப்புக்களாம்.

இவற்றைக் கண்டு, "மலைநாட்டார் செய்வது மகளிர் விளையாட்டே, சிவவழிபாடு அன்று" என்பார் தமிழருட் சிலர். அவர் திருவெம்பாவையை ஓதியறியாதவரோ, ஓதியும் பொருளுணராதவரோ அறிதல் அரிது. மணிவாசகப்பெருமான் அருளிய அவ்விருபது பாடல்களும், மகளிர் ஒருவரையொருவர் துயிலெழுப்பிப் பொய்கை புக்கு நீராடி இறைவனைப் பாடும் முறைமையன அல்லவோ? அம்முறை மணிவாசகர் காலத்துப் புதிதாய்த் தோன்றியதும் அன்று. பரிபாடலின் பதினோராம் பாட்டு, அந்தணர் ஆதிரைவிழாத் தொடங்குதலையும், கன்னியர் வையைக்கரையில் அம்பாவாடலையும் ஒருங்கே கூறுகின்றது. ஆகலின், கோயில்விழாவும் மகளிர் நீராட்டும் தொன்றுதொட்டு ஒரு விழாவின் இருகூறுகளாம் என்பது தேற்றம். அவற்றுள் ஒருகூற்றைத் தமிழர் பெரிதும் பேணினர்; மற்றதனை மலைநாட்டார் பேணினர். நீராட்டினைப் பாட்டிலே மட்டும் வைத்துக்கொண்டு போர்வைக்குள் துயில்வார், பனிநீரிற் படிந்து நோற்பாரை இகழ்தல் யாங்ஙனம் பொருந்தும்?

"களியே ஆதிரைக்குரிய படையல், கிழங்கு அன்று" என்பதும் அத்தகையதே. களி சிறப்புற்றது சேந்தனார் வரலாற்றானன்றோ? வறுமையுற்ற அடியவர் தம்மிடம் உள்ளது கொண்டு அன்பினாற் படைத்தமையின் இறைவன் அதனை ஏற்றருளினன் என்பதே அவ்வரலாறு உணர்த்துவது. அன்பினை விடுத்து மாவினையும் வெல்லத்தையும் பற்றுவோர், சேந்தனார் களியை உண்டும் அவருள்ளத்தை அறியாதவரே யாவர்.

இனி, மலைநாட்டுப் பக்கத்தும் ஒரு பிழை நிலவுகின்றது. திருவாதிரை சிவபெருமானது பிறந்தநாள் என்று அங்கே பலரும் வழங்குப. தமிழருள்ளும் சிலர் அதனை வாங்கி வழங்கத் தலைப்பட்டனர். வழக்குப் பலவாகலாம், கொள்கை பிழைபடலாகாது. பிறப்பவன் வினையுடையன், வினையுடையான் பிறர்வினையை அறுக்கமாட்டான். முப்பொருளுண்மை கூறுஞ் சித்தாந்தத்துப் பதியைப் பிறந்தவன் என்பது அதன் அடிவேரையே அகழ்வதாம். சிலப்பதிகாரம் பாடிய இளங்கோவடிகளும் இறைவனைப் பிறவாத உடம்பினன் என்றே குறித்தார். அங்ஙனமாயின், ஆதிரை அவனுக்கு உரித்தாயவாறு என்னையெனின், ஆதிரைமீனுக்கு அதிதேவதை உருத்திரன் என்று சோதிடநூல் கூறும். அதுபற்றி அஃது அவனுக்குரிய நாளாயிற்று. உரியநாள் வேறு, பிறந்தநாள் வேறு என்க.

அந்நாளிற் காண்டற்குரிய திருக்கூத்தின் பொருளை உண்மைவிளக்கம் தெளிவுறுத்துகின்றது: துடியிற் படைப்பு, அமைத்த கையிற் காப்பு, அனலில் அழிப்பு, ஊன்றிய தாளில் மறைப்பு, தூக்கிய திருவடியில் அருள். பிறவாதவன் பிறப்பாரை உய்விக்கும் ஐந்தொழிலே அக்கூத்தாம். இதனை உணராது தில்லையிற் காண்பினும் மலைநாட்டில் ஆடினும் பயன் குறைவே.

"தில்லைக்கூத்து மலைநாட்டார்க்கு அயல்" என்பார், சேரமான்பெருமாள் நாயனாரை நினைக. பூசைமுடிவில் ஆடல்வல்லானின் சிலம்பொலியை நாள்தோறுங் கேட்டவரென்று பெரியபுராணம் போற்றுவது, திருவஞ்சைக்களத்திருந்து அரசாண்ட அம்மலைநாட்டு வேந்தரையே.

கடல்கடந்தும் இவ்விழாச் சென்றது. முன்னாளிற் சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் பாங்காக்கு நகரில், அரசவை அந்தணர் நிகழ்த்துஞ் சடங்கு திருவெம்பாவையின் பெயர்த்திரிபாகிய திரியம்பாவாய் என்று வழங்கும். அதற்குரிய பேரூஞ்சலாட்டம் 1935-ஆம் ஆண்டளவில் நின்றதாயினும், கோயிலகத்துச் சடங்கு நின்றிலது. மலைநாட்டு மகளிரும் ஆதிரைநாளில் ஊஞ்சலாடுதல் உண்டு. யாழ்ப்பாணத்தாரோ பத்துநாளும் விடியலெழுந்து திருவெம்பாவை ஓதுப. கடலுக்கு அப்பாலும் ஒன்றென அறியப்படும் விழாவினை ஒரு கணவாய்க்கு இருபுறத்தும் இரண்டென்பது பேதைமையன்றோ?

ஆதலின், நாடுகாணி போலும் எல்லையூர்களில் வாழுஞ் சைவர், அயலார் வழக்கினை இகழ்தலொழிந்து, தம் வழக்கில் தேய்ந்தொழிந்தது யாதென்று அதன்கட் காண்பாராக. தமிழர் விடியலெழுந்து நீராடித் திருவெம்பாவை ஓதுக. மலைநாட்டார் தம் ஆட்டத்தினூடே ஐந்தொழிற்கூத்தனைச் சிந்திக்க. களியுண்டு உறங்குதலும் திருவாதிரை யன்று. கைகொட்டிக் கலைதலும் திருவாதிரை யன்று. பிறவாதவனை நினைந்து பிறவி நீங்க வேண்டலே திருவாதிரையாம்.

திருச்சிற்றம்பலம்.